குற்றாலச் சாரலும் ஆய்க்குடிச் சேவையும்

ஆனி மாதம் பிறந்து, மேற்குமலைக் கணவாயின் வழியே மலையாள நாட்டு மழைக்காற்று நுழையத் தொடங்கிவிட்டால் தென்காசிச் சீமையின் முகமே மாறிவிடுகின்றது. நெல்லையில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும் அதே நண்பகலில் இங்கே பன்னீர் தெளித்தாற்போலச் சாரல் விழுகின்றது. வெயிலும் சாரலும் மாறிமாறி விளையாடும் இம்மாதங்களை இவ்வூர் மக்கள் ‘சீசன்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பிடுகின்றனர். சீசன் தொடங்கிவிட்டதா என்று ஒருவர் கேட்டால், அருவியில் நீர் விழுகின்றதா என்பதே பொருள்.

தென்காசி பழைமையான நகர். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த காசி விசுவநாதர் கோயிலின் கோபுரம் வெகு தொலைவிலிருந்தே வழிப்போக்கரை வரவேற்கின்றது. நெடுங்காலம் சிதைந்து மொட்டையாய் நின்ற அக்கோபுரம், பலருடைய முயற்சியால் மீண்டும் எழுப்பப்பெற்று 1990ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. நம் மக்கள் வழிபடும் புனித மிக்கேல் அதிதூதர் ஆலயமும் இந்நகரில் உண்டு. திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு பகுதியாய் இருந்த தென்காசி, 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. திருச்சபை ஆட்சி முறையில் இப்பகுதி, 1973இல் உருவான பாளையங்கோட்டை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.

தென்காசியிலிருந்து குற்றாலத்திற்கு ஐந்து கிலோமீட்டர் தொலைவுதான். பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் என்று பல பெயர்களில் திரிகூடமலை தன் நீரைப் பொழிகின்றது. பேரருவியின் நீர் மலையுச்சியிலிருந்து நேரே மனிதர் தலையில் விழுவதில்லை. நடுவே ‘பொங்குமாங்கடல்’ என்னும் ஆழ்ந்த குடைவில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்த பின்னரே நீராடுவோரை வந்தடைகின்றது. அந்த இடைத்தாங்கல் இல்லையேல் அருவியில் தலைகாட்ட எவராலும் இயலாது.

சுற்றுலா மக்கள் நீராடிவிட்டுத் திரும்பிவிடுவர். சிற்றாற்றுப் பாசன உழவர்க்கோ இது ஆண்டின் உயிர்க்காலம். மலையில் விழும் நீர் சிற்றாறாய் ஓடித் தடுப்பணைகளில் தேங்கி, வாய்க்கால்களின் வழியே வயல்களுக்குள் செல்கின்றது. கார் சாகுபடி அந்நீரை நம்பியே நடைபெறுகின்றது. நீர் வரும்போது வாய்க்காலைத் திருத்தி வைத்திராதவன், சாரல் ஓய்ந்தபின் வானத்தைப் பார்த்து அழுது பயனில்லை. ஆறு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆயின் அவனுடைய பயிருக்குரிய நாள்கள் கடந்து போயிருக்கும்.

மனிதப் பயிருக்கும் இத்தகையதொரு சீசன் உண்டு என்பதை வாசக அன்பர்களுக்கு எடுத்துரைக்கவே இக்கட்டுரையை வரைகின்றோம்.

அருவிக்கரையில் ஒரு தாய்

சென்ற ஆண்டுச் சீசனில், வெளியூரிலிருந்து வந்திருந்த குரு நண்பர் ஒருவருடன் பேரருவிக்குச் சென்றிருந்தோம். பெண்கள் நீராடும் பக்கத்திலிருந்து நனைந்த சேலையுடன் ஒரு தாய் படியேறி வந்தார். அவர் இடுப்பில் ஒரு சிறுவன். தூக்கிச் செல்லும் வயதைக் கடந்தவன். அவனுடைய இரு கால்களும் கத்தரிக்கோல்போல் ஒன்றன்மேல் ஒன்று பின்னி விறைத்திருந்தன. தலை தோளில் சாய்ந்திருந்தது. ஆயினும் கண்களில் அறிவு மின்னிற்று. நம் அங்கியைக் கண்டதும் அவ்வம்மையார் நின்று, பிள்ளையின் தலையில் கைவைத்துச் செபிக்குமாறு வேண்டினார். செபித்தோம். பின்னர் விவரம் கேட்டோம்.

“பிள்ளைக்கு ஆறு வயசு முடியப் போவுது, சாமி. இந்தத் தண்ணியில மலை மூலிகையெல்லாம் கலந்து வருதுன்னு சொன்னாவ. மூணு சீசனா தூக்கிட்டு வாறேன். கால் மட்டும் வெறச்சுக்கிடுது” என்றார்.

எப்போது முதன்முதலாய்க் கவனித்தீர்கள் என்று கேட்டோம்.

“நாலு மாசத்துலேயே தலை நிக்கல. அத்தைகிட்ட சொன்னேன். இவுக அப்பாவும் லேட்டாத்தான் நடந்தாரு, ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் நடப்பான்னுட்டாவ. ரெண்டு வயசுல ஒரு டாக்டர்கிட்ட காட்டுனோம். மூளையில கோளாறு, ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாரு. அதுக்குப் பெறகு எங்கேயும் போகல.”

பயிற்சி அளிக்கும் இடங்கள் அருகிலேயே இருக்கின்றனவே என்றோம். அவர் சற்றே சிரித்தார். “தினமும் பீடி சுத்துனாத்தான் சாமி அடுப்பெரியும். தட்ட வச்சிட்டு இவனத் தூக்கிட்டு பஸ் ஏறுனா அன்னைக்கு சம்பளம் போச்சு” என்றார்.

இச்சிறு உரையாடலில் நம் நாட்டுச் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கக் கண்டோம். தாய் நான்காம் மாதமே கண்டுகொண்டாள். வீடு அவளை நம்பவில்லை. மருத்துவம் நோயின் பெயரைச் சொல்லிற்று, வழியைச் சொல்லவில்லை. வழி தெரிந்தபோது வறுமை குறுக்கே நின்றது. இவற்றுக்கிடையே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அருவி நீராய் ஓடிவிட்டன.

“எவ்வளவு காலமாய்?”

மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், வலிப்பினால் வருந்தும் தன் மகனை ஒரு தந்தை ஆண்டவரிடம் கொண்டு வருகின்றான். அவனைக் குணமாக்குமுன் நம் ஆண்டவர் அத்தந்தையை நோக்கி, இது இவனுக்கு வந்து எவ்வளவு காலமாயிற்று என்று கேட்கின்றார். குழந்தைப் பருவத்திலிருந்தே என்று தந்தை விடையளிக்கின்றான். எல்லாம் அறிந்த இறைமகன் இக்கேள்வியை ஏன் கேட்க வேண்டும்? பெற்றோர் சுமந்துவந்த காலத்தின் நீளத்தைக் காதுகொடுத்துக் கேட்பதே ஆறுதலின் முதற்படி என்பதை நமக்குக் கற்பிக்கவே கேட்டார் போலும்.

இன்றைய மருத்துவ அறிவும் இதே கேள்வியைத்தான் முதலில் கேட்கின்றது. பிறந்தது முதல் முதற்சில ஆண்டுகளில் குழந்தையின் மூளை வளர்வதுபோல் பின்னர் எக்காலத்தும் வளர்வதில்லை. பார்ப்பதாலும் கேட்பதாலும் தொடப்படுவதாலும் கைகால்களை அசைப்பதாலுமே மூளையின் நரம்புகள் தமக்குள் தொடர்பு ஏற்படுத்திக்கொள்கின்றன. ஒரு பகுதி பழுதுற்றிருந்தாலும், இளமையில் தக்க பயிற்சி கிடைப்பின் நல்ல பகுதிகள் அதன் பணியை ஓரளவு ஏற்றுக்கொள்ளக் கூடும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்னும் பழமொழியைப் பிள்ளைகளின் ஒழுக்கத்திற்குச் சொல்வோம். கைகால்களுக்கும் செவிக்கும் நாவுக்கும் அது பொருந்தும்.

சில குறைகளுக்கு இயற்கை குறிக்கும் கெடு மிகச் சிறிது. வளைந்த பாதத்துடன் பிறந்த குழவிக்கு முதற்சில வாரங்களிலேயே மாவுக்கட்டு இட்டுப் படிப்படியாய்த் திருத்தத் தொடங்கினால், பெரும்பாலும் பெரிய அறுவையின்றியே பாதம் நேராகின்றது. பிறவியிலேயே கண்புரை உள்ள குழந்தைக்கு முதற்சில மாதங்களுக்குள் அதை அகற்றாவிடில், பின்னர்க் கண் தெளிந்தாலும் மூளை பார்க்கக் கற்றுக்கொள்வதில்லை. காது கேளாத குழந்தைக்குக் கருவியோ அறுவையோ வேண்டுமாயின், மொழி பயிலும் வயது கடக்குமுன் கிடைத்தாக வேண்டும். மூளை முடக்குவாதம் என்னும் நிலைக்கு முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. ஆயினும் தசைகள் சுருங்கி மூட்டுகள் இறுகிப்போகாமல் காப்பதும், உட்காரவும் உண்ணவும் கருத்தைத் தெரிவிக்கவும் பழக்குவதும் இளமையில் தொடங்கினால் பெரும்பயன் தரும். இவ்வாறு பிறந்தது முதல் ஆறு வயதுக்குள் குறையைக் கண்டறிந்து, குழந்தைக்கும் குடும்பத்திற்கும் அளிக்கப்பெறும் துணையையே ‘ஆரம்பநிலை இடையீடு’ என்று வழங்குகின்றனர்.

இதற்கெனப் புதிய அளவுகோல் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. நம் முன்னோர் பாடிய பிள்ளைத்தமிழ் நூல்களைப் பாருங்கள். ஐந்தாம் மாதம் தலை நிமிர்த்தி அசைந்தாடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதம் உட்கார்ந்து கைகொட்டுவது சப்பாணி. பதின்மூன்றாம் மாதம் தளர்நடையிட்டு வருவது வாரானை. பதினைந்தாம் மாதம் நிலவைக் காட்டி அழைப்பது அம்புலி. குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள்தோறும் கண்ணாற்கண்டு மகிழ்ந்த சமுதாயம் நம்முடையது. மருத்துவர் கூறுவதும் இதற்கு நெருக்கமானதே. இரண்டு மூன்று மாதங்களில் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். நான்கைந்து மாதங்களில் தலை நிற்க வேண்டும். ஒன்பது மாத அளவில் பிடிமானமின்றி உட்கார வேண்டும். பதினெட்டு மாதங்களுக்குள் நடக்க வேண்டும். இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையை, ‘விளையாட்டுப் புத்தி’ என்று விட்டுவிடலாகாது. ஒவ்வொரு குழந்தையும் சற்று முன்பின்னாக வளரக்கூடும் என்பது மெய்தான். ஆயினும் ஐயம் எழுந்தபின் காத்திருப்பதில் ஆதாயம் ஒன்றுமில்லை. பரிசோதித்துப் பார்த்துக் குறையில்லை என்று தெரிந்தால் இழப்பு ஒரு நாள் பயணம் மட்டுமே.

ஆய்க்குடியை நோக்கி

குற்றாலத்தில் அத்தாயிடம் நாம் எடுத்துச் சொன்ன இடங்களுள் ஒன்று ஆய்க்குடி. தென்காசியிலிருந்து சுரண்டை செல்லும் சாலையில் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் சென்றால் இவ்வூரை அடையலாம். பச்சை வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த ஊர். பாலசுப்பிரமணியர் கோயிலால் பெயர்பெற்றது. அண்மைக் காலத்தில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் இவ்வூரைத் தேடி வருவதற்கு மற்றொரு காரணம், இங்குள்ள அமர் சேவா சங்கம்.

இச்சங்கத்தைத் தோற்றுவித்தவர் இவ்வூர் மைந்தரான திரு. எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராய் இருந்த அவர் 1975ஆம் ஆண்டில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கலந்துகொண்டபோது கீழே விழுந்து, கழுத்துத் தண்டுவடம் முறிந்து, கழுத்திற்குக் கீழே உடல் செயலிழந்தார். தமக்குச் சிகிச்சையளித்து மனவுறுதி ஊட்டிய படைத்துறை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல் அவர்களின் பெயரையே பின்னர்த் தம் பணிக்குச் சூட்டினார். ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த 1981இல், சக்கர நாற்காலியிலிருந்தபடியே சொந்த ஊரில் இச்சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயினால் தாமும் சக்கர நாற்காலியில் வாழ்ந்த பட்டயக் கணக்கர் திரு. எஸ். சங்கரராமன் 1992இல் அவருடன் இணைந்தார். ராமகிருஷ்ணன் அவர்களுக்கு 2020ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

ஒருவர் தம் உடலில் பட்ட துன்பத்தைப் பிறர்க்கு வழியாக்கிய வரலாறு இது. சமயத்தால் அவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் நல்ல சமாரியன் உவமையில் ஆண்டவர் எவரை நமக்கு முன்மாதிரியாக நிறுத்தினார் என்பதை நாம் மறந்துவிடவில்லை.

இவ்வளாகத்தில் பள்ளி உண்டு, தொழிற்பயிற்சி உண்டு, தண்டுவடம் முறிந்தோர்க்கு மறுவாழ்வு மையம் உண்டு. ஆயினும் நம் உள்ளத்தை மிகவும் ஈர்த்தது மதிலுக்கு வெளியே நடைபெறும் பணிதான். குழந்தையை மையத்திற்கு வரவழைப்பதோடு நில்லாமல், மையமே குழந்தையின் வீட்டிற்குச் செல்லும் முறையை இவர்கள் வகுத்துள்ளனர். கிராமத்துப் பெண்களையே தேர்ந்து, பயிற்சியளித்து, சமுதாய மறுவாழ்வுப் பணியாளராக அமர்த்துகின்றனர். அவர்கள் வீடுவீடாய்ச் சென்று ஐயத்திற்குரிய குழந்தைகளைக் கண்டறிந்து, தொடர்ந்து சந்தித்துப் பயிற்சி அளிக்கின்றனர். இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் முதலிய வல்லுநர்கள் அவர்களுக்குப் பின்னின்று வழிகாட்டுகின்றனர். ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ என்னும் செயலியொன்றைக் கைக்கணினியில் அமைத்துக் குழந்தையின் வளர்ச்சியைப் பதிவு செய்கின்றனர். எனவே வல்லுநர் ஒருவர் தொலைவிலிருந்தே பல கிராமத்துக் குழந்தைகளின் நிலையை அறிந்து, அடுத்த பயிற்சியைக் குறித்துத்தர முடிகின்றது. குழந்தையின் முன்னேற்றத்தோடு பெற்றோரின் மனச்சுமையையும் அளந்து கவனிக்கின்றனர் என்பது இம்முறையின் சிறப்பு.

பொங்குமாங்கடலை முன்னர்க் குறிப்பிட்டோம் அன்றோ? வல்லுநரின் அறிவு மலையுச்சி நீர் போன்றது. அது நேரே குடிசையில் விழுந்தால் ஏழைத்தாய் தாங்கமாட்டாள். கலைச்சொற்களைக் கேட்டு மருண்டு திரும்புவாள். அதே ஊர்ப் பேச்சைப் பேசும் ஒரு பெண் நடுவே நின்று அதைத் தாங்கி, அவள் கொள்ளுமளவு வழங்குவதே இங்கு நிகழ்வது.

வீடே பயிற்சிக்கூடம்

பயிற்சி என்றதும் பளபளக்கும் கருவிகளை எண்ணிவிட வேண்டாம். பெரும்பகுதி அன்றாட வாழ்வுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றது. கால் பின்னிக்கொள்ளும் குழந்தையை இரு கால்களும் அகன்றிருக்குமாறு இடுப்பில் அணைத்துத் தூக்குவதே ஒரு பயிற்சி. நம் தாய்மார்க்கு இது புதிதன்று; எவ்வாறு தூக்க வேண்டும் என்பதைச் சற்றுத் திருத்திக் காட்டினால் போதும். சாய்ந்துவிடும் குழந்தைக்குச் சுவர் மூலையிலோ, பலகையடித்த மூலை நாற்காலியிலோ இடம் செய்து, முன்னே சிறு மேசையிட்டால் கைகள் விடுதலை பெறுகின்றன. படுக்கவைத்து ஊட்டாமல் நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைத் தாங்கி ஊட்டினால் உணவு மூச்சுக்குழலில் புகும் இடர் குறைகின்றது. குளிப்பாட்டும்போது கை, கால், மூக்கு என்று பெயர் சொல்லித் தேய்ப்பது மொழிப்பாடம். கேட்கும் திறன் குன்றிய குழந்தையிடம் முகத்துக்கு நேரே குனிந்து பேசுவது செவிப்பாடம். எவ்வகைப் பயிற்சி எக்குழந்தைக்கு ஏற்றது என்பதைப் பயின்றவரே தீர்மானிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் செய்ததை நம் பிள்ளைக்குச் செய்தல் தகாது.

மையத்தில் வாரத்திற்கு ஒரு மணி நேரம் அளிக்கும் பயிற்சியைவிட, வீட்டில் ஒரு நாளில் பத்துமுறை இயல்பாய்ச் செய்யும் சிறு செயல் வலிமையானது. ஆயினும் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வீடே பயிற்சிக்கூடம் என்று சொல்லிச் சுமை முழுவதையும் தாயின் தலையில் ஏற்றிவிடலாகாது. தந்தையும் தூக்கக் கற்க வேண்டும். பாட்டியும் ஊட்டக் கற்க வேண்டும். அண்ணனும் அக்காளும் விளையாட்டிலே சேர்த்துக்கொள்ள வேண்டும். கப்பர்நாகூமில் முடக்குவாதக்காரனை நால்வர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கினர் என்று நற்செய்தி கூறுகின்றது. ஒருவர் மட்டும் சுமந்திருப்பின் அவன் வீட்டு வாசலைத் தாண்டியிருக்கமாட்டான்.

அருவிக்கரையில் நாம் கண்ட சிறுவனின் ஊருக்கும் பின்னர் ஒரு பணிப்பெண் செல்லத் தொடங்கினார். சில மாதங்கள் கழித்து அவ்வழியே சென்றபோது அவ்வீட்டில் நுழைந்து பார்த்தோம். தாய் திண்ணையில் பீடித்தட்டுடன் அமர்ந்திருந்தார். தூள் நெடி எட்டாத தொலைவில், மூலை நாற்காலியில் மகன் நிமிர்ந்து உட்கார்ந்து, கைப்பிடி தடித்த கரண்டியால் தானே தயிர்ச்சோறு உண்டுகொண்டிருந்தான். பாதி வாயிலும் பாதி மார்பிலுமாகச் சோறு சிந்திற்று. அவன் நடக்கவில்லை, நடப்பான் என்று எவரும் வாக்களிக்கவுமில்லை. “முந்தியெல்லாம் நான் வந்து ஊட்டுற வரைக்கும் அழுதுகிட்டுக் கெடப்பான், சாமி. இப்ப எனக்கும் ஒரு வாய் வேணுமான்னு கரண்டிய நீட்டுதான்” என்றார் தாய். இறுகிவிட்ட இடுப்பு மூட்டுக்கு அறுவை தேவைப்படலாம் என்று மருத்துவர் கூறியிருக்கின்றார். நான்காம் மாதத்தில் வரவேண்டிய உதவி ஆறாம் ஆண்டில் வந்ததற்குரிய விலை அது. வராமலே போயிருந்தால் விலை இன்னும் பெரிதாயிருக்கும்.

யார் செய்த பாவம்?

நம் குடும்பங்களில் இவ்வுதவி காலந்தாழ்வதற்கு வறுமை மட்டும் காரணமன்று, வெட்கமும் காரணம். “எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை?” என்னும் சொல்லை நம் கிறிஸ்தவ இல்லங்களிலும் கேட்டிருக்கின்றோம். பெரும்பாலும் அது மருமகளை நோக்கியே சொல்லப்படுகின்றது. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்களும் இதையேதான் கேட்டனர்: பாவம் செய்தவன் இவனா, இவனுடைய பெற்றோரா? இருவருமல்லர் என்று ஆண்டவர் ஐயத்துக்கிடமின்றி மறுமொழி பகர்ந்ததை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் காண்கின்றோம். ஆண்டவரே தள்ளிவிட்ட குற்றச்சாட்டை ஒரு தாயின்மேல் மீண்டும் சுமத்துவோர் எந்த அதிகாரத்தால் சுமத்துகின்றனர்?

காரணங்கள் பல. பேறு காலத்தில் மூச்சுத்திணறல், குறைமாதப் பிறப்பு, கவனியாது விடப்பட்ட கடும் மஞ்சட்காமாலை, மூளைக்காய்ச்சல், மரபணுக் கோளாறு எனப் பலவாறு நேரலாம். பலரிடம் காரணமே புலப்படுவதில்லை. நெருங்கிய இரத்த உறவில் நிகழும் மணங்களில், இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபுக்குறை பிள்ளையிடம் வெளிப்படும் வாய்ப்பு மிகுகின்றது என்பதையும் மறைக்கலாகாது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் தாய்மாமன் மகளை மணப்பதையும் தடையாகவே குறிக்கின்றது; விலக்குப் பெற்ற பின்னரே அத்திருமணம் நடைபெற இயலும். சொத்தும் சொந்தமும் விட்டுப்போகக் கூடாதென்று அவ்விலக்கைத் தேடி வருவோர், மருத்துவ ஆலோசனையையும் தேடுவது நலம். இது வருங்காலத்திற்குரிய எச்சரிக்கை. பிறந்துவிட்ட குழந்தையின் முன்னே நின்று பழையதைக் கிளறுவது கொடுமை.

வெட்கம் குழந்தையை எங்கே கொண்டுசெல்லும் என்பதற்குக் காஸ்தெல்லோவின் புனித மார்கரெட் வரலாறு சான்று. 1287ஆம் ஆண்டில் இத்தாலியில் உயர்குடியில் பிறந்த அவர் கண் பார்வையற்றவர்; முதுகு வளைந்தவர்; கால் ஊனமுற்றவர். விருந்தினர் கண்ணில் படலாகாதென்று பெற்றோர் அவரைக் கோயிலை ஒட்டிய ஓர் அறையில் பல்லாண்டுகள் அடைத்துவைத்தனர். பின்னர்ப் புதுமைகள் நிகழ்வதாகக் கேள்வியுற்ற ஓர் அடியாரின் கல்லறைக்கு அழைத்துச் சென்று, குணம் கிடைக்காமையால் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினர். அந்நகரத்து ஏழைகளே அவரை ஏற்றுக் காத்தனர். அவரோ தோமினிக்கன் சபையின் இல்லறத் துறவியராய்ச் சிறைப்பட்டோரையும் நோயுற்றோரையும் தேடிச் சென்று தொண்டாற்றி 1320இல் மரித்தார். 2021ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தார். பெற்றோர் மறைத்த மகளைத் திருச்சபை பீடத்தில் ஏற்றிற்று.

புதுமையை நாடிச் செல்வது தவறன்று. திருத்தலங்களுக்குக் குழந்தையைச் சுமந்து செல்லும் விசுவாசத்தை நாம் மதிக்கின்றோம். ஆயின் நேர்ச்சையைச் செலுத்திவிட்டு நேரே பயிற்சிக்கும் செல்லுங்கள். இறைவன் கொடுக்கும் அருளுக்கும், அவர் மனிதருக்குக் கொடுத்த அறிவுக்கும் பகை ஏதுமில்லை.

நம் பங்குகளின் கடமை

இத்துறையில் கிறிஸ்தவர்கள் புதியவரல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாளையங்கோட்டையில் ஆங்கிலிக்கன் மிஷனரிப் பெண்மணிகள் பார்வையற்றோர்க்கும் காதுகேளாதோர்க்கும் பள்ளிகளை நிறுவினர். பின்னர், பள்ளி வயதுக்கு முன்பே தொடங்க வேண்டும் என்னும் தெளிவு பிறந்தது. சென்னையில் 1989இல் தோன்றிய மதுரம் நாராயணன் மையம், அறிவு வளர்ச்சி குன்றிய பச்சிளங் குழந்தைகளுக்குத் தாயையும் உடனிருத்திப் பயிற்சி அளிக்கும் முறையை வகுத்தது. 2013இல் நடுவண் அரசு தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்படி, மருத்துவக் குழுக்கள் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். மேற்சிகிச்சைக்கென மாவட்ட இடையீட்டு மையங்கள் அமைப்பதும் அத்திட்டத்தின் பகுதி. 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்று, ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. சட்டத்தின் கல்வி உரிமை ஆறு வயதில் தொடங்குகின்றது. குழந்தையின் மூளையோ ஆறு வயதுவரை காத்திருப்பதில்லை. அவ்விடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் அக்கம்பக்கத்தாராகிய நாமே.

ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்குப் பதிவேடு இருக்கின்றது. எந்த வீட்டில் எப்போது குழந்தை பிறந்தது என்பது ஊரில் முதலில் தெரிவது ஆலயத்திற்குத்தான். திருமுழுக்குக்குப் பின் அக்குழந்தையை நாம் மீண்டும் தேடுவது புதுநன்மைக்கு ஆயத்தம் செய்யும்போது. இடைப்பட்ட ஆண்டுகளில் அது சிரித்ததா, உட்கார்ந்ததா, பேசிற்றா என்று கேட்பார் இல்லை. அன்பியக் கூட்டங்கள் வீடுதோறும் நடைபெறுகின்றன. அன்பியத்திற்கு ஒருவராவது வளர்ச்சிப் படிகளை அறிந்துகொண்டு, கைக்குழந்தை உள்ள வீடுகளை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துவரலாம். ஐயம் எழுந்தால் அங்கன்வாடிப் பணியாளரிடமும் அரசு மருத்துவமனையிலும் தாயுடன் சென்று காட்டலாம். தாய் பயிற்சிக்குச் செல்லும் நாளில் அவளுடைய கூலியை வின்சென்ட் தெ பால் சபையார் ஈடுசெய்யலாம். அல்லது இரண்டு பெண்கள் அவளுடைய பீடித்தட்டைப் பகிர்ந்துகொள்ளலாம். அரசு வழங்கும் அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் மனு எழுதித்தர நம் இளைஞர்க்கு இயலாதா? ஆலய வாயிலில் படிகளுக்கருகே ஒரு சாய்தளம் அமைக்கப் பெருஞ்செலவு ஆகுமா? திருப்பலியின்போது ஒரு குழந்தை கூவினால் திரும்பிப் பார்த்து முகஞ்சுளிக்காமல் இருப்பதற்கோ செலவே இல்லை. அம்முகச்சுளிப்புக்கு அஞ்சியே ஞாயிறுதோறும் வீட்டில் தங்கிவிடும் தாய்மார் இருக்கின்றனர்.

இளம் பெற்றோரே, உங்கள் குழந்தையைப் பற்றி உங்கள் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுமாயின் அதை அடக்கிக்கொள்ளாதீர்கள். பெரியவர்களின் சமாதானத்தில் உறங்கிவிடாதீர்கள். ஒரு மருத்துவர் கைவிரித்தால் வேறொருவரிடம் செல்லுங்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு விடை பெறாமல் திரும்பாதீர்கள். பாட்டிமாரே, நான்காம் மாதத்தில் உங்கள் மருமகள் வந்து கண்கலங்கிச் சொன்னால் அவளை நம்புங்கள். பங்கு மக்களே, அடுத்த அன்பியக் கூட்டத்தில் செபமாலை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நம் தெருவில் வெளியே வராத குழந்தை எந்த வீட்டில் இருக்கின்றது?

விடை தெரிந்த அன்றே அவ்வீட்டின் கதவைத் தட்டுங்கள். சிறுவரைத் தம்மிடம் வரவிடுமாறு பணித்த ஆண்டவர், தாமாய் நடந்து வர இயலாத சிறுவரைத் தூக்கி வரும் கைகளையும் ஆசீர்வதிப்பாராக.